ஒற்றையடுக்கு நிலச்சம்பங்கி

நிலச்சம்பங்கியில் ஒற்றையடுக்கு, இரட்டையடுக்கு என இரு வகைகள் உண்டென்பதைப் பூப்பயிர் செய்யும் குடியானவர் அனைவரும் அறிவர். ஒற்றையடுக்குப் பூவில் ஆறு இதழ்கள் ஒரே வரிசையாக விரியும். இரட்டையடுக்கில் இதழ்கள் மூன்று வரிசைக்கு மேலாக நெருங்கி, பூ ஒரு சிறு பந்துபோல் திரண்டிருக்கும். இவ்விரண்டிற்கும் நடுவே இரண்டு அல்லது மூன்று வரிசை இதழ்கொண்ட அரையடுக்கு வகையும் உண்டு. ஒற்றையடுக்கின் மொக்கு தூய வெள்ளை. இரட்டையடுக்கின் மொக்கில் ரோஜா வர்ணச் சாயல் படிந்திருக்கும். கண்ணுக்கு இரட்டையடுக்கே எடுப்பானது. ஆகவே புதிதாகப் பூப்பயிரில் இறங்குகிறவர் முதலில் அதையே விரும்புகின்றனர். தாம்பரம் தாலூகாவில் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென் முதலிய ஊர்களின் பக்கம் இன்னும் விளைநிலமாகவே மிஞ்சியுள்ள துண்டு நிலங்களுக்கு எது ஏற்றது, ஏன் ஏற்றது என்பதைப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பங்கி என்னும் பெயரில் நம் நாட்டில் மூன்று செடிகள் வழங்குகின்றன. மஞ்சட்பூ மலரும் மரம் செண்பகம். அதனையும் சிலர் சம்பங்கி என்பர். வேலியில் ஏறிப் பச்சையும் மஞ்சளும் கலந்த கொத்துப் பூக்களைத் தருவது கொடிச்சம்பங்கி. மூன்றாவது, கிழங்கிலிருந்து புல்போன்ற இலைகள் விட்டு, நடுவே ஒரு தண்டை நீட்டிப் பூக்கும் நிலச்சம்பங்கி. பழைய இலக்கியங்களில் வரும் செண்பகத்தையும் இந்நிலச்சம்பங்கியையும் ஒன்றென எண்ணுவது பிழை. நிலச்சம்பங்கி மெக்ஸிகோ தேசத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்று, பின்னர் ஐரோப்பியர் வழியாக நம் நாட்டை அடைந்தது. வங்காளிகள் இதனை ரஜனிகந்தா என்கின்றனர். இரவில் மணப்பது என்று பொருள். கன்னடத்தார் சுகந்தராஜா என்பர். தாவர சாஸ்திரிகள் நெடுங்காலம் போலியாந்தஸ் ட்யூபரோசா என்று வழங்கிவந்து, சில ஆண்டுகளுக்கு முன்னர் இதனை அகேவ் இனத்தோடு சேர்த்துவிட்டனர். ரயில் பாதையோரங்களில் வேலியாக நிற்கும் முள்நுனிக் கற்றாழையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. இவ்விரண்டும் உறவு என்பது பார்த்த மாத்திரத்தில் நம்பக்கூடியதன்று. ஆயினும் கிழங்கின் சுபாவத்தை அறிந்தவருக்கு அது வியப்பாயிராது. கற்றாழை ஒருமுறை தண்டு விட்டுப் பூத்தபின் தாய்ச்செடி மடிந்து பக்கக் கன்றுகள் நிற்பதுபோலவே, சம்பங்கியிலும் ஒரு கிழங்கு ஒரேமுறைதான் பூக்கும். அடுத்த பூ அதன் பக்கத்தில் பிறந்த இளங்கிழங்குகளிலிருந்தே வரும்.

இரட்டையடுக்கு எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், ஒற்றையடுக்கின் அருமை விளங்கும். குளிர் தேசங்களில் பியோனி என்னும் ஒரு புஷ்பம் பெரும் மதிப்புப் பெற்றது. இமயமலைச் சரிவுகளிலும் ஒற்றை வரிசை வெள்ளிதழ் கொண்ட ஒரு பியோனி தானாகவே வளர்கிறது. அது கடுங்குளிரில் உறங்கி எழவேண்டிய செடியாதலால் நமது சமவெளியில் பயன்படாது. எனினும் அதன் அமைப்பு நமக்கு நல்ல பாடம். ஒற்றைப் பியோனியின் நடுவே பொன்னிறமான மகரந்தத் தாள்கள் கற்றையாக நிற்கும். இரட்டைப் பியோனியில் அந்தத் தாள்கள் பலவும் இதழாக மாறிவிடுகின்றன. ஆக, கூடுதல் இதழ் என்பது வானத்திலிருந்து வந்ததன்று. பூவின் மற்றோர் உறுப்பு தன் தொழிலை விட்டுவிட்டு இதழ் வேஷம் தரித்ததேயாம். அதனால் மகரந்தம் குறையும், விதை அருகும். மழை பெய்தால் தலை கனத்துத் தண்டு சாயும். அத்தேசத்துத் தோட்டக்காரர்கள் இரட்டையின் மேலுள்ள மோகத்தால் ஒற்றைகளைப் பல காலம் புறக்கணித்து, பின்பு அவற்றைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றும்படி ஆயிற்று.

சம்பங்கியின் கதையும் இதற்கு ஒத்ததே. 18ஆம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் லெ கூர் என்னும் கனவான் ஒருவர் விதையிலிருந்து இரட்டையடுக்குச் சம்பங்கியை உண்டாக்கினாராம். தமக்கு வேண்டியதற்கு மேல் கிழங்குகள் பெருகிவிட்டபோதும் அவர் பிறருக்குக் கொடுக்கவில்லை. ஐரோப்பாவில் இப்பூவை உடையவர் தாம் ஒருவரே என்று பெருமை பேசும்பொருட்டு, மிகுந்த கிழங்குகளைத் துண்டு துண்டாக வெட்டச் செய்தார் என்று இங்கிலாந்தின் தோட்டக்கலை ஆசிரியர் பிலிப் மில்லர் எழுதியிருக்கிறார். பின்னர் 1870ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பேர்ல் என்னும் இரட்டையடுக்கு வகை தோன்றி உலகெங்கும் பரவிற்று. இன்று நம் நாட்டில் பழைய ஒற்றை வகைகள் மெக்ஸிகன் சிங்கிள், கல்கத்தா சிங்கிள், ஹைதராபாத் சிங்கிள் என்னும் பெயர்களால் அறியப்படுகின்றன. பேர்லும் கல்கத்தா டபிளும் இரட்டை வகைகள்.

இனிப் பயனைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் சம்பங்கியின் முதற் பயன் மாலை. கோயிலுக்கும் கலியாணத்துக்கும் கட்டப்படும் மாலைகளுக்கு உதிரியாகப் பறித்த மொக்குகளே வேண்டும். அம்மொக்கு நீண்டு மெலிந்து, நார் கட்டுவதற்கும் ஊசி கோப்பதற்கும் இசைவாயிருக்கவேண்டும். இக்குணம் ஒற்றையடுக்குக்கே உரியது. இரட்டையடுக்கின் மொக்கு தடித்தது. மாலையில் ஒன்றோடொன்று ஒட்டிப் படியாது. பல மொக்குகள் முழுதும் விரியாமலே பழுத்துவிடும். அதனைத் தண்டோடு வெட்டி ஜாடியில் வைப்பதற்கே விற்கமுடியும். சென்னையில் ஹோட்டல்களும் கலியாண மண்டபங்களும் ஏராளமாதலால் தண்டுப் பூவுக்குக் கிராக்கி இல்லாமலில்லை. நிச்சயமான வாடிக்கை கையில் உள்ளவர் சிறிதளவு இரட்டையடுக்கை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாடிக்கையாளர் ஒரு வாரம் வராவிட்டால் அப்பூவை வேறெங்கும் தள்ளமுடியாது. உதிரிப் பூவுக்கோ தாம்பரம் கடைத்தெருவிலும், 1996ஆம் ஆண்டு முதல் கோயம்பேட்டிலும், எடை போட்டு வாங்குவோர் நாள்தோறும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணமில்லாமையால் விலை இறங்கும். முகூர்த்த மாதங்களிலும் ஆயுத பூஜை முதலிய விசேஷ நாட்களிலும் ஏறும். விலை இறங்கினாலும் பூ விற்கும் என்பதுதான் இங்கு முக்கியம்.

இரண்டாவது பயன் வாசனைச் சரக்கு. நிலச்சம்பங்கி மாலையில் விரிந்து இரவில் மணம் மிகுதியாய் வீசுவது. அதன் சொந்த தேசத்தில் இரவில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிகளை அழைப்பதற்காக ஏற்பட்ட குணம் அது. பறித்த பின்னும் சில மணி நேரம் பூ வாசனையை உண்டாக்கிக்கொண்டேயிருக்கும். இதனை அறிந்துதான் பிரான்ஸ் தேசத்துக் கிராஸ் நகரத்தார் முற்காலத்தில் கொழுப்புத் தடவிய கண்ணாடித் தட்டுக்களின்மேல் பூவைப் பரப்பி வாசனையை ஏற்றினர். இக்காலத்தில் கரைப்பான் எண்ணெயில் ஊறவைத்து, காங்கிரீட் என்னும் மெழுகுபோன்ற சரக்கை எடுக்கின்றனர். சத்தியமங்கலம் வட்டாரத்துக் குடியானவர்களுக்குச் சந்தை விலை சரியும் நாட்களில் இவ்வாலைகள் ஓர் ஆதரவாயிருக்கின்றன. ஒற்றையடுக்குப் பூவில் நூற்றுக்கு 0.08 முதல் 0.11 வரை இச்சரக்குக் கிடைக்கும். இரட்டையடுக்கில் அவ்வளவு கிடைப்பதில்லை. ஆதலால் ஆலைகள் ஒற்றையையே கேட்கின்றன. கணக்குப் பார்த்தால், 1 கிலோ காங்கிரீட்டுக்கு ஏறக்குறைய 1,000 கிலோ பூ வேண்டும். செங்கற்பட்டு ஜில்லாவில் சிறு துண்டு நிலம் உடையவர் ஆலையை நம்பிப் பயிர் செய்வதற்கில்லை. மாலைச் சந்தையே அவருக்குத் துணை.

ஒற்றையடுக்கு என்ற அளவில் பழைய வகை மாத்திரமே உள்ளதென்று எண்ணவேண்டாம். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒற்றையையும் இரட்டையையும் கலந்து சிருங்கார் என்னும் ஒற்றையடுக்கு வகையை உண்டாக்கிற்று. வேர்முடிச்சு நூற்புழுவை ஓரளவு தாங்கக்கூடிய இவ்வகை, மெக்ஸிகன் சிங்கிளைக் காட்டிலும் நூற்றுக்கு 40 பங்கு அதிக மகசூல் தருவதாக நிலையத்தார் கூறுகின்றனர். மீண்டும் சிருங்காரை மெக்ஸிகன் சிங்கிளோடு கலந்ததில் பிறந்தது பிரஜ்வல். இது சிருங்காரைவிட நூற்றுக்கு 20 பங்கு அதிகம் காய்ப்பது, பூவும் கனமானது. இன்று தமிழ்நாட்டின் உதிரிப் பூச் சாகுபடியில் பிரஜ்வலே பெரும்பான்மை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எடைக்கு விற்பவர் இதனை நடுவதில் குற்றமில்லை; புதிதாகத் தோட்டம் வைப்போருக்கு இலாகாவும் இதனையே சிபாரிசு செய்கிறது.

ஆயினும் இங்கு மிராசுதார்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பிரஜ்வலின் தாய் தந்தையரில் ஒன்று பழைய ஒற்றை. மற்றொன்றான சிருங்காரின் வம்சத்திலும் ஒற்றை உண்டு. அதாவது மேம்பட்ட வகைகளெல்லாம் பழைய ஒற்றையின் ரத்தத்தினாலேயே மாலைக்கேற்ற மொக்கைப் பெற்றிருக்கின்றன. நெல்லைப்போல் சம்பங்கி விதையினால் பெருகுவதில்லை, கிழங்கினாலேயே பெருகுகிறது. ஆகவே ஒரு வகையின் தோட்டங்கள் அனைத்தும் உண்மையில் ஒரே செடியின் துண்டுகளே. அச்செடிக்கு ஒரு புதிய நோய் வந்தால் எல்லாத் தோட்டத்திற்கும் ஒரேயடியாய் வரும். அந்நாளில் புது வகை உண்டாக்குவதற்கு மூலவகை எங்கேனும் கலப்பின்றி இருத்தல் வேண்டும். ஆராய்ச்சி நிலையங்கள் அதனை வைத்துக் காக்கின்றன என்பது மெய். ஆனால் பல மண்ணிலும் பல தண்ணீரிலும் பயிராகி நிலைத்த கிழங்கு குடியானவர் தோட்டத்தில் இருப்பது வேறு. ஏற்கெனவே பழைய ஒற்றையை வைத்திருப்பவர், பிரஜ்வலுக்கு மாறும்போது, பழையதை அடியோடு பிடுங்கி எறியாமல், 1 செண்டு நிலத்திலாவது தனியே வைத்துக்கொள்வது நலம். இரண்டையும் ஒரே பாத்தியில் நட்டுவிட்டால் கிழங்கைப் பார்த்துப் பிரிக்க எவராலும் ஆகாது. பிரஜ்வலின் மொக்கில் மெல்லிய ரோஜாச் சாயல் உண்டு, பழைய ஒற்றையில் இல்லை. பூக்கும் காலத்தில் இவ்வடையாளத்தைக் கொண்டு, கலப்பான செடிக்கு அருகே ஒரு குச்சியை நட்டுவைத்துப் பின்னர் நீக்கிவிடலாம்.

ராஜகீழ்ப்பாக்கம் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், சேலையூருக்கும் செம்பாக்கத்துக்கும் இடையே உள்ளது. ஏரியின் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களில் மிகுதியும் இப்போது மனைகளும் வீடுகளும் ஆகிவிட்டன. 2021ஆம் ஆண்டில் இவ்வூர் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. மிஞ்சிய நிலம் ஆங்காங்கே 10 செண்டும் 20 செண்டுமாகக் கிணற்றையொட்டிக் கிடக்கிறது. நெல்லுக்கு அது போதாது. தரிசாக விட்டால் குப்பை கொட்டும் இடமாகிவிடும். இத்தகைய துண்டுக்குச் சம்பங்கி மிகவும் பொருத்தம். சத்தியமங்கலத்துப் பூ இரவெல்லாம் பிரயாணம் செய்து சென்னைக்கு வரவேண்டியிருக்க, இங்கே விடியலில் பறித்த பூ காலைப் பலகாரத்திற்கு முன் கடைக்குப் போய்விடும்.

10 செண்டுக்கான கணக்கு வருமாறு. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும், செடிக்குச் செடி 8 அங்குலமும் விட்டு நட்டால் சுமார் 4,500 கிழங்குகள் வேண்டும். கிழங்கு ஒவ்வொன்றும் 25 முதல் 30 கிராம் எடை இருத்தல் அவசியம். அதற்குக் குறைந்தவை முதலாண்டில் இலை விடுமேயன்றிப் பூவாது. மலிவாய்க் கிடைக்கிறதென்று பொடிக்கிழங்கை வாங்கி ஓராண்டு தண்ணீர் இறைத்தவர் பலர். தொழு எரு 1 டன் இட்டு ஆழ உழவேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துக்கள் ஒவ்வொன்றும் 200 கிலோ. அதன்படி 10 செண்டுக்கு ஒவ்வொன்றிலும் 8 கிலோ ஆகும். இதனை யூரியா 17 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ, மூரியேட் ஆப் பொட்டாஷ் 13 கிலோவாகக் கொள்ளலாம். யூரியாவை ஒரேமுறையில் கொட்டாமல் பிரித்து மேலுரமாக இடவேண்டும். நட்ட மூன்றாம் மாதத்திலிருந்து பூ வரத்தொடங்கும். நன்கு பராமரித்த தோட்டம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 14 அல்லது 15 டன் உதிரிப் பூ தருமாதலால், 10 செண்டில் ஏறக்குறைய 600 கிலோ எதிர்பார்க்கலாம். சராசரி நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ என்று தோன்றும். ஆனால் பூ அவ்வாறு சமமாய் வராது. குளிர் மாதங்களில் அருகியும் வெயிலும் ஈரமும் ஒத்திருக்கும் மாதங்களில் பெருகியும் வரும்.

நடவுக்கு ஆனி, ஆடி மாதங்கள் ஏற்றவை. மழைக்காலம் வருமுன் வேர் பிடித்துவிடவேண்டும். இவ்விடத்தில் ஒரு தடை உண்டு. சம்பங்கிக்கு ஈரம் வேண்டும், தேங்கிய நீர் ஆகாது. இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய மழைக்கு எந்தத் தோட்டமும் தாங்காது என்பது சரியே. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே அழுகும் தோட்டங்கள் பல. அதற்குக் காரணம் மழையன்று, சமதளமாய் நட்டதே. பாரை ஓர் அடி உயரமாகப் பிடித்து, அதன் பக்கவாட்டில் கிழங்கை ஓர் அங்குல ஆழத்தில் நட்டு, தோட்டத்தைச் சுற்றி வடிகால் எடுக்கவேண்டும். அக்கம்பக்கத்து மனைகள் மண் கொட்டி உயர்த்தப்பட்டிருப்பதால், முற்காலத்தில் மேடாயிருந்த தோட்டங்கூட இன்று பள்ளமாய்விட்டது. பழைய வாய்க்கால் இருக்கிறதென்று நம்பாமல், புரட்டாசியிலேயே ஒருமுறை நீரை விட்டு அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

இனிக் கிழங்கின் சுத்தம். சம்பங்கித் தோட்டங்கள் கெடுவதற்கு முதற்காரணம் எருக்குறைவன்று, விலைக்கு வாங்கும் கிழங்கோடு வந்துசேரும் நூற்புழுவே. இது கண்ணுக்குத் தெரியாத சிறு புழு. ஒரு வகை வேரில் முடிச்சுகளை உண்டாக்கும். செடி காரணமின்றி மஞ்சளித்துக் குன்றும். நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் மணிமணியாய்த் தெரியும். மற்றொரு வகை இன்னும் கொடியது. அது இலையிலும் பூத்தண்டிலும் புகுந்து, தண்டைச் சொரசொரப்பாக்கிக் கோணச்செய்து, மொக்குகளில் பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கி, இறுதியில் பூவே விரியாமல் செய்துவிடும். மேற்கு வங்காளத்தில் ராணாகாட் பக்கத்துச் சம்பங்கித் தோட்டங்களில் இந்நோய் பெருநஷ்டம் விளைத்தது. இதே புழுதான் நெற்பயிரின் இலைநுனியை வெளுக்கச் செய்வதும். ஆகையால் நெல்லும் சம்பங்கியும் அடுத்தடுத்துள்ள நிலங்களில், நோய் கண்ட நெல்லின் வைக்கோலைச் சம்பங்கிப் பாத்திக்கு மூடாக்காகப் போடுதல் தகாது.

கிழங்கு வாங்குவோர் கிழங்கை மாத்திரம் பார்த்து விலை பேசுகின்றனர். பார்க்கவேண்டியது தோட்டத்தை. பூத்திருக்கும்போதே ஒருமுறை சென்று, தண்டு நேராய் வழுவழுப்பாய் இருக்கிறதா, மொக்கில் புள்ளி உண்டா, கலப்பு எவ்வளவு என்று கண்டபின்பே அச்சாரம் கொடுக்கவேண்டும். தோட்டத்தைக் காட்ட மறுக்கிறவரிடம் கிழங்கு வாங்காதிருப்பதே உத்தமம். முடிச்சுப் புழு கண்ட நிலத்தில் ஒரு போகம் துலுக்கச் சாமந்தி பயிரிட்டு உழுதுவிட்டால் புழு குறையும். அப்பூவும் விலை போகும். வேப்பம்பிண்ணாக்கும் அனுகூலமானது. இவையெல்லாம் குறைக்குமேயன்றி அடியோடு ஒழிக்கா. ஆதலால் சுத்தமான பழைய ஒற்றைக் கிழங்கு எவரிடமேனும் இருந்தால், அது அத்தோட்டத்துக்காரருக்கு மாத்திரமன்றி அவ்வட்டாரத்துக்கே சொத்து எனலாம்.

பறிப்பைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. அன்று மாலை விரியக்கூடிய முதிர்ந்த மொக்கை, விடியற்காலையில் தொடங்கி 8 மணிக்குள் பறித்துவிடவேண்டும். தண்டில் பூ அடியிலிருந்து மேல்நோக்கி முதிருமாதலால் நாள்தோறும் ஒவ்வொரு தண்டிலும் இரண்டு மூன்று மொக்குகளே கிடைக்கும். கூலியாள் வைத்தால் அவர் தண்டை ஒடிக்காமல் பறிக்கப் பழகவேண்டும்.

கிராம நிர்வாக அதிகாரிகளுக்கு இதில் ஒரு வேலை உண்டு. துண்டு நிலத்தின் பூப்பயிர் அடங்கலில் ஏறாமற்போவதும், ஏறினாலும் பொதுவாகப் பூ என்று எழுதப்படுவதும் நடைபெறக்கூடியவை. வெள்ளச்சேதம் ஏற்பட்டால் நிவாரணம் கோருவதற்கு அடங்கல் பதிவே ஆதாரம். தரிசு என்று எழுதிய நிலத்தில் அழுகிய கிழங்குக்கு எவரும் ஈடு தரமுடியாது. ஆகவே பயிர் ஆய்வின்போது 10 செண்டு நிலமாயினும் நேரில் கண்டு, நிலச்சம்பங்கி என்றே பதிவதும், நட்ட மாதத்தைக் குறிப்பதும் விரும்பத்தக்கது. மிராசுதார்களும் ஆய்வு முடியுமுன் தங்கள் பதிவைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். செம்பாக்கம், நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்லும் வடிகால்களில் அடைப்பு ஏற்பட்டால், ஐப்பசிக்கு முன் மாநகராட்சிக்கு எழுத்து மூலமாய்த் தெரிவிப்பதும் அவ்வதிகாரிகள் செய்யக்கூடிய உபகாரம்.

தோட்டம் மூன்றாம் ஆண்டு முடிந்தபின் கிழங்குகள் நெருங்கிப் பூ சிறுத்துவிடும். அப்போது நீரை நிறுத்தி, இலை மஞ்சளித்துக் காய்ந்தபின் கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, நிழலில் பரப்பவேண்டும். அழுகல் பிடியாதபடி சில நாட்களுக்கொருமுறை புரட்டிவிடுதல் நல்லது. தோண்டியவுடன் நட்டால் முளை சீராய் வராது. 30 நாள் ஓய்வு கொடுத்தபின் நடவேண்டும். பழைய ஒற்றையையும் பிரஜ்வலையும் வைத்திருப்பவர் இவ்விரண்டையும் ஒரே நாளில் தோண்டலாகாது. ஒன்றைத் தோண்டி, வேறு வேறு சாக்கில் கட்டி, பெயரெழுதிய பலகைத் துண்டை உள்ளேயும் வெளியேயும் வைத்த பின்பே மற்றொன்றில் மண்வெட்டியை வைக்கவேண்டும்.